குடி என்று எழுதி, கோயில் என்று பாடுவது

மார்கழி பிறந்துவிட்டால் ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டைச் சந்தைகளில் அவரைக்காய் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கொட்டையை உரித்து இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் வீட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக விரலிடுக்கில் வைத்து அழுத்தினால், தோல் கையிலேயே நின்றுவிட, பருப்பு மட்டும் துள்ளிக் கிண்ணத்தில் விழும். தமிழ் பேசும் வீட்டில் இதற்குப் பிதுக்குப்பருப்பு என்று பெயர். அடுத்த வீட்டுத் தெலுங்கில் இதுவே பிதிகின பப்பு. எதிர்வீட்டுக் கன்னடத்தில் ஹிதுகித பேளெ. பிதுக்குதல் என்ற ஒரே வினைதான் மூன்றிலும் இருக்கிறது. பழங்கன்னடத்தின் பகரம் பிற்காலத்தில் ஹகரமாக மாறியதால் எதிர்வீட்டுப் பெயர் மட்டும் வேறு சொல்லைப் போலக் கேட்கிறது.

மூன்று வீட்டுக் குழம்பின் மணமும் ஒன்றுதான். ஆனால் இந்தப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் மேலே எழுதியபோதே ஒலி கொஞ்சம் கோணிவிட்டது. தெலுங்கின் தகரமும் கன்னடத்தின் ககரமும் எப்படி ஒலிக்கும் என்பது ஏற்கெனவே தெரிந்தவருக்கு மட்டுமே அந்த எழுத்துகள் சரியாகக் கேட்கும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இருமொழியில் கதையும் கவிதையும் எழுத முனைகிறவர் முதலில் இடறி விழுவது இந்த இடத்தில்தான். இருமொழிப் படைப்பு என்றதும் நாம் சொற்கலப்பைப் பற்றியே பேசுகிறோம். எத்தனை தெலுங்குச் சொல், எத்தனை கன்னடச் சொல் என்று எண்ணிப் பார்க்கிறோம். எல்லையோர எழுத்தாளருடைய சிக்கல் சொல்லில் இல்லை. காது ஒரு மொழியிலும் கை இன்னொரு மொழியிலும் பழகியிருப்பதுதான் அவருடைய சிக்கல். வீட்டில் கேட்டு வளர்ந்த மொழிக்கு அவரிடம் எழுத்து கிடையாது. எழுத்து கற்ற மொழியிலோ அவருடைய பாட்டி பேசியதில்லை.

இந்த நிலை எப்படி வந்தது என்பதற்கு ஆட்சி வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, கிருஷ்ணகிரியையும் தருமபுரியையும் உள்ளிட்ட பாராமகால் பகுதி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியாரின் கைக்கு வந்தது. மலைக்கு மேலிருக்கும் ஓசூர்ப் பகுதி அப்போது வரவில்லை. திப்பு வீழ்ந்த 1799க்குப் பிறகே அது சேலம் மாவட்டத்தோடு சேர்ந்தது. ஓசூர் மைசூர்ப் பீடபூமியின் ஒரு விளிம்பு. அதன் தட்பவெப்பம், ராகி, அவரை, பேச்சு எல்லாம் மேற்கிலும் வடக்கிலும் இருக்கும் கோலார், ஆனேக்கல் ஊர்களோடு ஒட்டியவை. பழைய ஆவணங்களில் மொரசு நாடு என்று அழைக்கப்படும் நிலப்பரப்பு இன்றைய மூன்று மாநிலங்களிலும் பரவிக் கிடக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது சேலம் மாவட்டத்தின் பகுதியாக ஓசூர் சென்னை மாநிலத்தில் நின்றது. 1965இல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டமும், 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிந்தன. மாவட்டக் கோடுகள் இவ்வளவு மாறியும் வீட்டுப் பேச்சு மாறவில்லை.

ஊர்ப் பெயர்களே இதற்குச் சாட்சி. ஓசூர் என்பது கன்னடத்தின் ஹொச ஊரு, அதாவது புதூர். தமிழின் புது, பழங்கன்னடத்தில் பொச ஆகி, பிறகு ஹொச ஆயிற்று. தமிழ் வாய்க்கு வந்ததும் ஹகரம் உதிர்ந்து ஓசூர் நின்றது. ஒகேனக்கல்லின் ஹொகெ என்பது புகைதான். நீர்த்துளி புகையாக எழும் பாறை என்று பொருள். மாரண்டஹள்ளி என்று ஒரு பலகையிலும் மாரண்டஅள்ளி என்று மற்றொரு பலகையிலும் எழுதப்பட்டிருப்பதைத் தருமபுரிக்காரர்கள் பொருட்படுத்துவதில்லை. பள்ளி ஹள்ளியாகி, ஹள்ளி அள்ளியான கதை அந்த ஒரே பெயரில் அடங்கியிருக்கிறது. நெடுஞ்சாலைத்துறைப் பலகை எழுதுகிறவர் தம்மை அறியாமலேயே இருமொழி எழுத்தாளராக இருக்கிறார் என்றுகூடச் சொல்லலாம்.

யாருடைய கை எந்த மொழியில் எழுதும் என்பதைப் பிறந்த வீடு முடிவு செய்வதில்லை. பள்ளிக்கூடமும் அரசுக் கச்சேரியும்தான் முடிவு செய்கின்றன. இதற்கு இந்த மண்ணிலேயே பொருத்தமான ஓர் இணை கிடைக்கிறது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டு பிறந்தவர் ராஜாஜி. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத் தொலைவில், இன்று கர்நாடகத்தில் இருக்கும் மாலூர் வட்டத்தில், 1891இல் பிறந்தவர் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார். இருவர் வீட்டிலும் தமிழ்தான் பேச்சு. தொரப்பள்ளி சென்னை மாகாணத்தில் இருந்தது. மாலூர் மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது. ராஜாஜி தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார்; தமிழில் அவர் எழுதிய இராமாயணத்துக்கு 1958இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. மாஸ்தி கன்னடச் சிறுகதையின் தந்தை என்று போற்றப்பட்டார். 1983ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது அவருக்கு வழங்கப்பட்டது. 'மாஸ்தி கன்னடத ஆஸ்தி', அதாவது மாஸ்தி கன்னடத்தின் சொத்து என்பது அங்கே பழமொழிபோல வழங்குகிறது. நடுவில் ஓடிய ஆட்சி எல்லை சற்று மேற்கிலோ கிழக்கிலோ விழுந்திருந்தால் இருவர் கைகளும் இடம் மாறியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதில் தவறில்லை. இருவரும் கல்வி வாய்ப்புள்ள குடும்பத்தில் பிறந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆடு மேய்த்தவர் வீட்டிலும் மூன்று மொழிகள் இருந்தன. அங்கே எந்த மொழிக்கும் எழுத்து இல்லை, அதனால் நமக்கு நூல்களும் இல்லை.

தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்து தமிழில் எழுதியவர் என்றதும் நினைவுக்கு வருபவர் கி. ராஜநாராயணன். அவருடைய கரிசல் நாட்டுத் தெலுங்குக்கும் ஓசூர்த் தெலுங்குக்கும் ஒரு வேற்றுமை உண்டு. கரிசலில் தெலுங்கு பல நூற்றாண்டுகளாகத் தன் எழுத்திலிருந்து விலகி, தமிழ்க் கடலின் நடுவே தீவாக வாழ்ந்தது. தெலுங்கில் எழுதும் ஆசையே அங்கே பெரும்பாலும் எழவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்திலோ ஆந்திரத்துக் குப்பத்துக்குப் பேருந்து ஏறினால் கொஞ்ச நேரத்தில் கடைப் பெயர்ப்பலகைகள் தெலுங்குக்கு மாறிவிடும். கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம். வீட்டு மொழிக்குரிய எழுத்து கண்ணுக்குத் தெரிகிற தொலைவில் இருந்தும் கைக்கு எட்டாமல் இருப்பது வேறு வகையான வலி. அந்த வலியிலிருந்துதான் ஓசூர்ப் பகுதித் தெலுங்குக் கதைகள் பிறந்தன. ஆந்திரத்துப் பாடநூல் நடையை விட்டுவிட்டுத் தங்கள் வட்டாரப் பேச்சிலேயே தெலுங்கில் சிறுகதை எழுதித் தொகுப்புகள் கொண்டுவந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் எழுதப்பட்ட அந்தக் கதைகளைத் தமிழ் வாசகர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம் என்று கேட்டால், தலைகுனிவுதான் மிஞ்சும்.

இனி எழுத்துக்குள் நுழைந்து பார்க்கலாம். சாப்பிட்டாயா என்று ஒரு பாட்டி பேரனைக் கேட்கிறாள். கதையில் இந்த ஒரு வரிதான் வேண்டும். பாட்டி தெலுங்குக்காரி என்றால் 'ஏம்ரா, தின்னாவா?' என்பாள். இதை அப்படியே தமிழாக்கினால் 'ஏண்டா, தின்றாயா?' என்றாகிவிடும், கொஞ்சல் வசவாக மாறிவிடும். தெலுங்கில் தினு என்பது மனிதர் உண்பதற்கான இயல்பான சொல். இன்றைய தமிழிலோ தின்னுதல் மாட்டுக்கும், வேண்டாதவர்களுக்கும், நொறுக்குத் தீனிக்கும் ஆனது. பாட்டி கன்னடக்காரி என்றால் 'ஊட்ட ஆய்த்தா?' என்பாள். உண்டவனைச் சுட்டாமல் உணவு நடந்தேறியதா என்று கேட்கும் வாக்கியம் அது. ஓசூரிலும் பெங்களூரிலும் தமிழ் பேசுகிறவர்கள் இந்த அமைப்பை எடுத்துக்கொண்டு 'சாப்பாடு ஆச்சா?' என்கிறார்கள், 'பசிக்குது' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'பசி ஆவுது' என்பதையும் கேட்கலாம். இங்கே எந்த வேற்றுமொழிச் சொல்லும் இல்லை. எல்லாம் தூய தமிழ்ச் சொற்கள். எலும்பு மட்டும் கன்னடம்.

எல்லையோரப் படைப்பெழுத்தின் மிகச் சிறந்த வகை இதுதான் என்பது என் கருத்து. உரையாடலில் நான்கு தெலுங்குச் சொற்களைத் தூவி, நட்சத்திரக் குறியிட்டு, பக்கத்தின் அடியில் பொருள் எழுதுவது எளிது. அந்த அடிக்குறிப்பு யாருக்காக எழுதப்படுகிறது என்று பார்க்க வேண்டும். தேன்கனிக்கோட்டை வாசகருக்கு அது தேவையில்லை. சென்னை, மதுரை வாசகருக்காகவே அது இருக்கிறது. அதாவது, எழுத்தாளர் தம் பாட்டியை வெளியூர்க்காரருக்கு அறிமுகப்படுத்துகிறார், பாட்டியோடு பேசவில்லை. எலும்பை மாற்றி எழுதுகிறவருக்கு அடிக்குறிப்பே தேவைப்படாது. ஆனால் அவருக்கு வேறொரு தொல்லை வரும். பிழைதிருத்துகிறவர் 'பசி ஆவுது' என்பதை அடித்துவிட்டுப் 'பசிக்கிறது' என்று எழுதிவிடுவார். நல்லெண்ணத்தில் செய்கிற வேலைதான் அது. கதையின் ஊர் அந்த ஒரு கோட்டில் அழிந்துபோகும்.

உறவுச்சொற்களில் இன்னும் நுட்பமான பொறிகள் இருக்கின்றன. அக்கா, அண்ணா என்பவை மூன்று மொழிக்கும் பொது, அவற்றால் தொல்லையில்லை. அவ்வா என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தெலுங்கு வீட்டில் அவ்வா பாட்டி. கன்னட நாட்டுப்புறத்தில் அவ்வா தாய். தமிழில் அந்தச் சொல் பேச்சிலிருந்து மறைந்து, ஔவை என்ற பெயராக மட்டும் நிற்கிறது. அகராதியைத் திறந்தால் அதற்குத் தாய், கிழவி என்ற இரு பொருளும் கிடைக்கும். அந்த ஔவை நெல்லிக்கனி பெற்றது தகடூர் அதியமானிடம், அதாவது இன்றைய தருமபுரியில். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த ஊர்ப் பாட்டில் இருந்த சொல், இன்று இந்த ஊரின் தெலுங்குக் குழந்தை பாட்டியைக் கூப்பிடுகிற குரலில் கேட்கிறது. 'அவ்வா செத்துப்போனாள்' என்று ஒரு கதை தொடங்கினால், ஓசூரை அடுத்த பாகலூரின் வாசகர் ஒருவர் தாயை நினைத்து அழுவார், இன்னொருவர் பாட்டியை நினைத்து அழுவார். தெளிவின்மை என்று இதைக் குறை சொல்லலாம். நான் இதைக் கவிதைக்குக் கிடைத்த வரவு என்றே கருதுகிறேன்.

இலக்கணம் சில இடங்களில் அரசியலாகவே மாறிவிடும். தமிழில் முன்னிலையாரையும் சேர்த்துக்கொண்டால் நாம், விலக்கினால் நாங்கள். தெலுங்கிலும் மனம், மேமு என்று இந்தப் பாகுபாடு உண்டு. இன்றைய எழுத்துக் கன்னடத்தில் இது இல்லை. நாவு என்ற ஒரே சொல் இரண்டுக்கும் போதும். இப்போது ஒரு கன்னடக் கதைமாந்தர், காவிரித் தகராறு நடக்கும் ஒரு நாளில், அத்திப்பள்ளிச் சோதனைச்சாவடிக்கும் ஜூஜுவாடிக்கும் இடையே பேருந்து நின்றுபோய், மூட்டையும் குழந்தையுமாக நடந்து எல்லை கடக்கிற கூட்டத்தில் நின்று, பக்கத்தில் நடக்கும் தமிழரிடம் 'நாவு நீரு தானே கேள்தீவி' என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதும்போது 'நாம் தண்ணீர்தானே கேட்கிறோம்' என்பதா, 'நாங்கள் தண்ணீர்தானே கேட்கிறோம்' என்பதா? முதல் வாக்கியம் இருவரையும் ஒரே தாகத்தில் சேர்க்கிறது. இரண்டாவது நடுவில் கோடு போடுகிறது. கன்னடத்தில் பேசியவர் இரண்டையும் சொல்லவில்லை, அல்லது இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். எல்லையோர எழுத்தாளருக்கு நாவு என்பதை அப்படியே விட்டுவிடும் உரிமை உண்டு. அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு.

இதற்கெல்லாம் முன்மாதிரியே இல்லை என்று நினைக்க வேண்டாம். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் ஷாஜி, பதினேழாம் நூற்றாண்டின் இறுதியையும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் ஒட்டிய தம் ஆட்சிக்காலத்தில், ஐந்து மொழிகள் கலந்து வரும் நாடகமொன்றை எழுதினார். பஞ்சபாஷா விலாசம் என்ற அதன் பெயரே அதைச் சொல்லும். அரண்மனையில் விளையாட்டாக நடந்த இந்தக் காரியம், மக்களின் கலையில் அன்றாடத் தேவையாகவே நடந்தது. தெருக்கூத்தில் அரசரும் அரசியும் பாட்டிலும் உயர்நடை வசனத்திலும் பேச, கூத்தின் கோமாளியான கட்டியங்காரனுக்கு மட்டும் அந்தந்த ஊர்ப் பேச்சில் பேசும் உரிமை இருக்கிறது. பாரதக் கூத்து தெலுங்கு பேசும் ஊருக்குப் போனால், துரியோதனன் தமிழில் முழங்கிக்கொண்டிருக்க, கட்டியங்காரன் கூட்டத்தைப் பார்த்துத் தெலுங்கில் நையாண்டி செய்வான். சிரிப்பு அங்கேதான் வெடிக்கும். அச்சுக்கு வந்த இலக்கியத்தில் கட்டியங்காரனின் அந்த உரிமையை நாம் யாருக்கும் கொடுக்கவில்லை.

மொழியியல் அறிஞர்கள் இதைப் பற்றி ஒன்று கண்டு சொல்லியிருக்கிறார்கள். மராட்டியத்துக்கும் கர்நாடகத்துக்கும் எல்லையான பகுதியில் இருக்கும் குப்வாட் என்ற சிற்றூரைப் பற்றி ஜான் கம்பர்ஸ், ராபர்ட் வில்சன் என்ற இருவர் 1971இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. கன்னடம், மராத்தி, உருது பேசுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே கலந்து வாழ்ந்ததில் மூன்று மொழிகளின் வாக்கிய அமைப்பும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது; சொற்கள் மட்டும் வேறாகவே நின்றன. வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றினாலே மொழிபெயர்ப்பு முடிந்துவிடும் என்ற அளவுக்கு ஒற்றுமை. சொற்களையும் ஏன் அவர்கள் ஒன்றாக்கிக்கொள்ளவில்லை என்றால், வீட்டுக்கு வீடு தன்னை வேறாகக் காட்டிக்கொள்ளச் சொல் தேவைப்பட்டது. ஓசூர்ப் பேச்சைக் கேட்கிறபோது எனக்கு அந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும். சந்தையில் வாக்கியம் பொது. அடுப்படியில் சொல் தனி. 'சாப்பாடு ஆச்சா' சந்தைக்குரியது, அவ்வா அடுப்படிக்குரியது.

எழுத்தின் கதைக்குத் திரும்புவோம். தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெற மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு வசதி செய்து தர வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவு சொல்கிறது; 1956ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தத்தில் சேர்ந்தது அது. ஓசூர்ப் பகுதியில் தெலுங்கு, கன்னடம், உருது வழியில் கற்பிக்கும் அரசுப் பள்ளிகள் அந்த வழியில் நடந்துவந்தவை. 2006ஆம் ஆண்டின் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு ஒரு வகுப்பாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கி, 2015–16 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பை எட்டியது. மொழிச் சிறுபான்மை மாணவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். சில ஆண்டுகளுக்குத் தேர்வில் விலக்கும் கிடைத்தது.

இதில் இரண்டு உண்மைகள் ஒரே நேரத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் பிறந்து, தமிழ்நாட்டில் வேலை தேடப்போகும் குழந்தைக்குத் தமிழ் எழுத்து வேண்டும் என்பதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. கிருஷ்ணகிரியில் தமிழில் எழுதும் இளைஞர்கள் பலருக்கு வீட்டுமொழி வேறு என்பதும், அவர்கள் வருகையால் தமிழ்தான் செழிக்கிறது என்பதும் கண்கூடு. அதே நேரத்தில், தெலுங்கு வழியில் படிக்கச் சேர்கிற குழந்தைகள் குறையக் குறைய, வட்டாரத் தெலுங்கில் எழுதுகிறவருக்கு உள்ளூர் வாசகர் இல்லாமல் போகிறார். அவர் எழுதிய கதையை அவருடைய மகனே படிக்க முடியாது. படித்துக் காட்டினால் புரியும், சிரிப்பான், கண்ணீர்கூட விடுவான். புத்தகத்தை அவன் கையில் கொடுத்தால் படம் பார்ப்பதுபோலப் புரட்டுவான். ஒரு படைப்பாளிக்கு இதைவிட வினோதமான வாசகர் கிடைப்பது அரிது.

1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததும் கணக்கு இன்னொரு முறை மாறியது. தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் தொழிலாளர்கள் வந்தார்கள். திருநெல்வேலித் தமிழும் தஞ்சைத் தமிழும் பட்டறை வாசலில் கேட்டன. இப்போது இந்தியும் ஒடியாவும் கேட்கின்றன. பழைய மும்மொழி இரைச்சலை இயல்பாகக் கொண்ட கதைகள் ஓசூரின் பழைய பேட்டைத் தெருக்களைப் பற்றியே இருக்கின்றன. தொழிற்பேட்டையின் வாடகை வீட்டு வரிசைகளைப் பற்றி எழுதியவை தனித் தமிழிலேயே நடக்கின்றன. ஒரே குழாயடியில் ஐந்து மொழி நிற்கிற அந்த வரிசைகளை யாராவது அதற்குரிய காதோடு எழுத வேண்டும்.

நிறுவனங்களின் அலமாரியிலும் இதற்கு அறை இல்லை. சாகித்திய அகாதெமி 24 மொழிகளுக்கு ஆண்டுதோறும் விருது தருகிறது. ஒவ்வொரு நூலும் ஏதேனும் ஒரு மொழிக்குரியதாக இருந்தாக வேண்டும். இருமொழித் திறனுக்குக் கிடைக்கும் ஒரே அங்கீகாரம் மொழிபெயர்ப்பு விருதுதான். கன்னடத்திலிருந்து தமிழுக்கு நிறையக் கொண்டுவந்த பாவண்ணன் போன்றோர் அவ்வழியில் பெருமை பெற்றது முற்றிலும் நியாயம். மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டு நூல்கள் தேவை: ஒன்று ஏற்கெனவே இருப்பது, மற்றொன்று அவர் உண்டாக்குவது. எல்லையோரத்துக் கதை ஒரே நூலுக்குள் இரண்டாக இருப்பது. அதை எந்த மொழியின் பட்டியலில் சேர்ப்பது என்று தெரியாமல் பட்டியல்காரர்கள் விழிப்பார்கள். மாநில அரசுகள் சில சமயம் பெருந்தன்மை காட்டுவதுண்டு. 1991இலிருந்து பெங்களூரின் அல்சூரில் துணி மூடிக் கிடந்த வள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நான்கு நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இரண்டு நகரங்களுக்கும் இடையே இருக்கும் ஓசூரில், இரண்டு கவிஞர்களையும் மூலத்திலேயே படிக்கத் தெரிந்தவர்கள் அப்போதும் தங்கள் பாட்டுக்குப் பேருந்துக்காகக் காத்து நின்றிருப்பார்கள்.

எழுத்து தெரியாத மொழியைக் கைக்குக் கிடைத்த எழுத்தில் எழுதிவைக்கும் வழக்கமும் இருக்கிறது. இருமொழி எழுத்தின் உண்மையான ஆவணக்காப்பகம் அங்கேதான் இருக்கிறது என்பேன். கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்கள் பலவற்றில் ராமர் பஜனைக் கோயில் உண்டு. மார்கழி விடியலில் மிருதங்கமும் ஜால்ராவுமாக ஊரைச் சுற்றி வருவார்கள். பாடுவது தெலுங்கில், பாடுகிறவர்களின் கையிலிருக்கும் நோட்டில் எழுதியிருப்பது தமிழ் எழுத்தில். அச்சான கீர்த்தனைப் புத்தகங்களில் க, ச, ட, த, ப ஆகியவற்றின் தலையில் 2, 3, 4 என்று சிறிய எண் போட்டு ஒலி வேறுபாட்டைக் காட்டுவார்கள். நோட்டு எழுதுகிறவர்களுக்கு அந்த ஏற்பாடு தெரியாது. அவரவர் கைக்கு வந்த குறியைப் போட்டுக்கொள்வார்கள். இளைஞர்கள் இப்போது கைபேசியில் தெலுங்கையும் கன்னடத்தையும் ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். அதில் ககர வேறுபாடு தெளிவாகத் தெரிந்துவிடும். குறிலும் நெடிலும் குழம்பிவிடும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிற வியாபாரம்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்து ஊரொன்றின் கோயில் மலருக்காக அப்படிப்பட்ட ஒரு நோட்டைப் படியெடுக்கும் வேலை எனக்கு வந்தது. நீலக் கோடு போட்ட பழைய கணக்கு நோட்டு. ஓரங்கள் எண்ணெய்க் கறையில் ஒளி ஊடுருவுகிற அளவுக்கு மெலிந்திருந்தன. ஒரு பாட்டின் தொடக்கம் இப்படி இருந்தது:

குடி முந்தர தீபமு பெட்டி

தமிழில் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்குக் குடி என்றால் குடித்தல், அல்லது குடும்பம். பெட்டி என்றால் பெட்டிதான். தெலுங்கில் குடி என்று வல்லோசையாகச் சொன்னால் வலப்பக்கம்; மெல்ல உருட்டிச் சொன்னால் கோயில். கன்னடத்திலும் மெல்ல உருட்டினால் கோயில்தான், வல்லோசையில் பருகு என்று பொருள். பெட்டி என்பது தெலுங்கில் வைத்து என்னும் வினையெச்சம். கோயில் முன்னே விளக்கை வைத்து என்பதே வரியின் பொருள். நோட்டை எழுதியவர் குடியின் முதல் எழுத்துக்குக் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தார். நோட்டு முழுவதும் எங்கெல்லாம் ககரம் உருண்டு ஒலிக்க வேண்டுமோ அங்கெல்லாம் அந்தப் புள்ளி இருந்தது. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

அச்சகத்தில் தட்டச்சு செய்தவர் புள்ளிகளைக் கறை என்று நினைத்து விட்டுவிட்டார். மெய்ப்புப் பார்த்த நானும் கவனிக்கவில்லை. மலர் வெளிவந்த அன்று மாலை, கோயில் திண்ணையில் ஒரு பேரன் அந்தப் பக்கத்தை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தான். குடி என்றதும் அருகில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். அவனுடைய அவ்வா புத்தகத்தை வாங்கவில்லை. அவள் எழுத்து அறியாதவள். 'குடி காதுரா', அதாவது குடி இல்லையடா, என்று சொல்லி, முதல் எழுத்தை உருட்டித் திருத்திவிட்டு, அடுத்த வரியை அவளே எடுத்துப் பாடத் தொடங்கினாள். பேரன் அவள் பாடுகிற இடத்தை அச்சில் விரலால் தேடிக்கொண்டிருந்தான்.